அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிச் சிறார்களை மீட்கும் வழி சிறைக்கூடமல்ல

பத்து வயது என்பது எமது நாட்டில் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் வயதாகும். அந்த வயதுப் பிள்ளையைக் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தவும், தடுப்பு நிலையத்திற்கு அனுப்பவும் வழிசெய்யும் சட்டத்தை அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியம் 2024 ஒக்டோபரில் மீண்டும் நிறைவேற்றியது. அங்கு குற்றவியல் பொறுப்புக்குரிய ஆகக்குறைந்த வயது 2023 ஓகஸ்டில்தான் 10 இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. 2024 ஓகஸ்டில் நடைபெற்ற தேர்தலில் ஆட்சி மாறியதும், சில வாரங்களுக்குள் அந்தச் சீர்திருத்தம் தலைகீழாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் குயின்ஸ்லாந்து மாநிலம், பாரதூரமான சில குற்றங்களுக்குச் சிறுவர்களையும் வளர்ந்தோருக்குரிய தண்டனைக்கு உட்படுத்தும் சட்டத்தை இயற்றியது. தனது மனித உரிமைகள் சட்டத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாநிலம் அதனைச் செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டத்தின் வாசகங்களில் இனப்பெயர் எதுவும் இல்லை. ஆயினும், அச்சட்டம் யாருடைய பிள்ளைகளைச் சென்றடைகின்றது என்பது இரகசியமல்ல. அவுஸ்திரேலியாவில் 10 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்ட சிறார்களில் பூர்வீகக் குடிகளையும் டொரஸ் நீரிணைத் தீவுகளையும் சேர்ந்தோர் சுமார் 6 சதவீதத்தினர் மாத்திரமே. ஆனால், தடுப்பு நிலையங்களில் உள்ள சிறார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே. வட பிராந்தியத்தில் தடுத்து வைக்கப்படும் சிறார்களோ, ஏறத்தாழ அனைவருமே பூர்வீகக் குடிப் பிள்ளைகளாவர்.

வீடு உடைக்கப்பட்டவரின் அச்சத்தையும், வாகனம் களவாடப்பட்டவரின் ஆத்திரத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 2024 மார்ச்சில் இளையோருக்கு இரவுநேர ஊரடங்கு பிறப்பிக்கப்படும் அளவுக்கு நிலைமை மோசமடைந்திருந்தது. அத்தகைய வன்செயல்களால் பாதிக்கப்படுவோரில் பூர்வீகக் குடிப் பெண்களும் முதியோரும் கணிசமானோர் என்பதையும் மறந்துவிடலாகாது. எனவே, பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இங்குள்ள கேள்வி. பூட்டி வைப்பதனால் பாதுகாப்பு கிட்டுகின்றதா என்பதே கேள்வி.

தண்டனை முடிந்து தடுப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் சிறார்களில் மிகப் பெரும்பான்மையானோர் 12 மாதங்களுக்குள் மீண்டும் நீதித்துறையின் மேற்பார்வைக்குள் வந்துவிடுகின்றனர் என்பதை அந்நாட்டு அரசின் புள்ளிவிபரங்களே ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. 2023 ஆம் ஆண்டளவில் ஒரு சிறுவனை ஒரு நாள் தடுத்து வைப்பதற்கு 2,500 டொலருக்கும் அதிகமாகச் செலவிடப்பட்டது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கப்படுவது பாதுகாப்பு அல்ல. அடுத்த குற்றத்திற்கு முன்னர் கிடைக்கும் ஓர் இடைவேளை மாத்திரமே.

இந்தப் பிள்ளைகள் எவ்வாறு இந்த நிலைக்கு வந்தனர் என்பதை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பூர்வீகக் குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுவனங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ப்பது அரச கொள்கையாகவே இருந்தது. தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்தது. "களவாடப்பட்ட தலைமுறைகள்" என அழைக்கப்படும் அவர்களது வரலாற்றை 1997 ஆம் ஆண்டின் தேசிய விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. 2008 பெப்ரவரி 13 ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் பகிரங்க மன்னிப்புக் கோரினார்.

அதற்கு முன்னரே, பொலிஸ் காவலிலும் சிறையிலும் நிகழ்ந்த 99 பூர்வீகக் குடியினரின் மரணங்களை விசாரித்த அரச ஆணைக்குழு 1991 இல் 339 பரிந்துரைகளைச் சமர்ப்பித்திருந்தது. சிறை என்பது இறுதி வழியாக மாத்திரமே இருத்தல் வேண்டும் என்பதும், பூர்வீகக் குடியினர் தமது விவகாரங்களைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாராம்சம். இறந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்பதையும் அந்த ஆணைக்குழு கண்டறிந்தது. பிள்ளையைப் பிரித்தெடுக்கும் வண்டி ஒரு காலத்தில் நலன்புரித் திணைக்களத்தினுடையதாக இருந்தது. பின்னர் அது பொலிஸாரினுடையதாக மாறியது என்று கூறினால் அது மிகையாகாது.

2016 ஜூலையில், டார்வின் நகரின் டொன் டேல் சிறுவர் தடுப்பு நிலையத்தில் சிறார்கள்மீது கண்ணீர்ப்புகை பிரயோகிக்கப்பட்டதையும், வேறொரு நிலையத்தில் இளைஞன் ஒருவன் தலையுறை அணிவிக்கப்பட்டு நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததையும் அவுஸ்திரேலியத் தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மறுநாளே விசாரணை அறிவிக்கப்பட்டது. 2017 நவம்பரில் வெளிவந்த அரச ஆணைக்குழு அறிக்கை அந்த நிலையத்தை மூடுமாறும், குற்றவியல் பொறுப்பு வயதை 12 ஆக உயர்த்துமாறும் கோரியது. வயது உயர்த்தப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன. அதைக் குறைப்பதற்குச் சில வாரங்களே போதும் என்று சொல்லுமளவுக்குப் புதிய அரசு விரைந்து செயற்பட்டது. இதற்கிடையில், 2023 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில், வளர்ந்தோர் சிறையொன்றினுள் சிறார்களுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் அடைக்கப்பட்டிருந்த 16 வயதுப் பூர்வீகக் குடிச் சிறுவன் உயிரிழந்தான். அம்மாநிலத்தின் இளையோர் தடுப்புக் காவலில் பதிவான முதல் மரணம் அதுவாகும்.

எல்லாக் கதவுகளும் மூடப்பட்டுவிட்டனவா? இல்லை. மாற்று வழியொன்று உண்டு என்பதை அந்த மக்களே பல ஆண்டுகளுக்கு முன்னர் செய்து காட்டியுள்ளனர்.

அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் பாலைநிலத்தின் நடுவே யுவெண்டுமு என்ற குடியிருப்பு உள்ளது. வல்பிரி இன மக்கள் வாழும் ஊர் அது. 1990 களின் முற்பகுதியில் அங்குள்ள இளையோரிடையே பெற்றோலை முகர்ந்து போதையேற்றும் பழக்கம் பரவியது. ஒரு கட்டத்தில் சுமார் 70 பேர் அதற்கு அடிமையாகி இருந்தனர். மூளையைச் சிதைக்கும் இப்பழக்கத்தைத் தடுக்கப் பொலிஸாராலோ மருத்துவத்துறையினராலோ முடியவில்லை. 1994 இல் ஊரின் மூத்தோர் கூடித் தாமே ஒரு முடிவை எடுத்தனர். பாதிக்கப்பட்ட பிள்ளைகளை யுவெண்டுமுவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மவுண்ட் தியோ என்ற தமது பாரம்பரிய நிலத்திற்கு அழைத்துச் செல்வது என்பதே அந்த முடிவு. பெகி பிரவுண் என்ற மூதாட்டியும் அவரைப் போன்ற மூத்தோரும் அங்கேயே தங்கி அப்பிள்ளைகளைப் பராமரித்தனர்.

அங்கு மதில்கள் இல்லை, காவலர்கள் இல்லை. பெற்றோலும் இல்லை. வேட்டைக்குச் செல்வது, காட்டுணவும் மூலிகையும் தேடுவது, அந்நிலத்தின் கதைகளைக் கேட்பது, உண்பது, உறங்குவது என்பனவே நாளாந்த வாழ்வாக இருந்தன. உடல் தேறியதும் பிள்ளைகள் ஊர் திரும்பினர். ஊரில் அவர்களுக்கு விளையாட்டும் இரவுநேரக் களியாட்ட நிகழ்ச்சிகளும் பின்னர் தொழிற்பயிற்சியும் ஒழுங்கு செய்யப்பட்டன. மீண்டும் முகர்ந்தால் மீண்டும் மவுண்ட் தியோவுக்கே செல்ல வேண்டும். ஒரு தசாப்தத்திற்குள் யுவெண்டுமுவில் அப்பழக்கம் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. முகர்வதால் போதை தராத எரிபொருள் மத்திய அவுஸ்திரேலியாவில் 2005 அளவில்தான் அறிமுகமானது. அதற்கு முன்னரே இந்த வெற்றி ஈட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பெகி பிரவுணுக்கு 2007 இல் அந்நாட்டின் தேசிய விருது வழங்கப்பட்டது.

இத்திட்டம் ஏன் வெற்றி பெற்றது? வல்பிரி சமூகத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஏதோவோர் உறவுமுறை உடையவர். எவர் எவரைக் கண்டிக்கலாம், எவர் எவருக்கு ஆதரவளிக்க வேண்டும் என்பது அந்த உறவுமுறையினால் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இது எமது வாசகர்களுக்குப் புதிய விடயமல்ல. பொலிஸ்காரரின் அதட்டலுக்குப் பணியாத பையன் அம்மானின், மாமாவின், சாச்சாவின் ஒரு சொல்லுக்குப் பணிவதை நாம் எமது வீடுகளில் காண்கின்றோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தண்டனையின் அச்சம் மாத்திரமல்ல, "நீ எங்கள் பிள்ளை" என்ற உரித்தும் இருக்கின்றது. தடுப்பு நிலையத்தினால் வழங்க முடியாதது அந்த உரித்தையே.

மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரதேசத்திலும் இதையொத்த முயற்சியொன்று 2000 ஆம் ஆண்டளவில் தோன்றியது. தற்கொலையும் போதையும் தமது இளையோரை விழுங்குவதைக் கண்ட நிகினா, மங்கலா, கராஜரி, வல்மஜரி ஆகிய நான்கு மொழிக்குழுக்களின் மூத்தோர் யிரிமான் திட்டத்தை ஆரம்பித்தனர். இளையோரைக் கால்நடையாகவும் ஒட்டகங்களுடனும் பல நாட்கள் முன்னோரின் நிலத்தினூடாக அழைத்துச் செல்வதே அதன் அடிப்படை. நடக்கும் வழியில் மொழியும் பாடலும் நீர்நிலைகளின் பெயர்களும் கைமாறுகின்றன. ஒரு தலைமுறைக்குக் கிடைக்காமற் போன கல்வி அது.

பிள்ளைகளை வனாந்தரத்திற்கு அழைத்துச் செல்வது மாத்திரந்தான் இந்த வழி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேர்க் நகரம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. இருபதுக்கும் மேற்பட்ட பூர்வீக மொழிக்குழுக்களைச் சேர்ந்தோர் வாழும் அச்சிறு நகரம், குற்றச்செயல் வீதத்தில் அம்மாநிலத்தின் மிக மோசமான இடங்களுள் ஒன்றாக இருந்தது. 2013 இலிருந்து அந்த மக்கள் "மரங்குகா" என்ற திட்டத்தை முன்னெடுத்தனர். ஙெம்பா மொழியில் இச்சொல் பிறரைப் பராமரித்தல் என்று பொருள்படும். சிறைக்குச் செல்லும் பணத்தைச் சிறைக்குச் செல்லாமல் தடுக்கும் பணிகளில் முதலிடுவதே அதன் கொள்கை.

அவர்கள் முதலில் செய்தது தரவுகளைக் கேட்டுப் பெற்றதாகும். எந்தக் காரணங்களுக்காகத் தமது பிள்ளைகள் கைதாகின்றனர் என்று ஆராய்ந்தபோது, சாரதி அனுமதிப்பத்திரமின்றி வாகனம் செலுத்துதல், பிணை நிபந்தனைகளை மீறுதல் போன்றவை முக்கிய இடம் வகிப்பது தெரியவந்தது. அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு நீண்ட நேரம் மேற்பார்வையின் கீழ் வாகனம் செலுத்திப் பழக வேண்டும். வாகனமோ அனுமதி பெற்ற சாரதியோ இல்லாத வீட்டுப் பிள்ளை அதனை எவ்வாறு செய்வது? ஊரவர்கள் சாரதிப் பயிற்சித் திட்டமொன்றை ஏற்பாடு செய்தனர். பிணை நிபந்தனைகள் குறித்துப் பொலிஸாருடன் பேசினர். பொலிஸாரும் சமூகப் பணியாளர்களும் காலையில் கூடி, முதல் நாள் இரவு எந்த வீட்டில் பிரச்சினை ஏற்பட்டது, இன்று அங்கு யார் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் நடைமுறை உருவானது. இவை அனைத்திற்கும் மேலாக மொழிக்குழுக்களின் பிரதிநிதிகளைக் கொண்ட பேரவை அமர்ந்திருந்தது.

2018 இல் கேபிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016 உடன் ஒப்பிடுகையில் 2017 இல் பேர்க்கில் இளையோர் மீதான முக்கிய ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள் 38 சதவீதத்தாலும், பொலிஸில் பதிவான குடும்ப வன்முறை 23 சதவீதத்தாலும் குறைந்தன. பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடசாலையில் தொடர்ந்தோரின் வீதம் 31 சதவீதத்தால் அதிகரித்தது. அவ்வாண்டில் கிட்டிய பொருளாதார நன்மை 3.1 மில்லியன் டொலர் எனவும் கணிக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் ஓராண்டுக் கணக்கைக் கொண்டு இறுதித் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதை நாம் ஏற்கின்றோம். ஆனால், தோல்வியென்று ஆண்டுதோறும் நிரூபிக்கப்படும் தடுப்பு நிலையங்களிடம் எவரும் இத்தகைய சான்றைக் கேட்பதில்லையே.

கனடாவிலிருந்தும் வலுவான ஆதாரம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பூர்வீகக் குடிச் சமூகங்களில் இளையோர் தற்கொலை குறித்து மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லாலொண்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பூர்வீகக் குடியினர் அனைவரிடமும் தற்கொலை அதிகம் என்ற பொதுக்கருத்தை அது தகர்த்தது. சில சமூகங்களில் அந்த வீதம் நாட்டின் சராசரியைவிடப் பன்மடங்காக இருக்க, வேறு சில சமூகங்களில் அறவே இருக்கவில்லை. வேறுபாடு எங்கே இருந்தது? நிலவுரிமைக் கோரிக்கை, சுயாட்சி, கல்வி, சுகாதாரம், பொலிஸ் மற்றும் தீயணைப்புச் சேவை, கலாசார நிலையங்கள் ஆகிய ஆறு விடயங்கள் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. ஆறும் கைவரப்பெற்ற சமூகங்களில் ஆய்வுக் காலத்தில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. 2007 இல் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, சமூகத்தினரில் அரைவாசிக்கும் அதிகமானோர் தாய்மொழியில் உரையாடக்கூடிய இடங்களில் இளையோர் தற்கொலை மிக அரிதாகவே இருந்ததைக் காட்டியது.

இந்த ஆறு விடயங்களையும் வாசகர்கள் மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். ஒன்றைத் தவிர ஏனையவை அனைத்தும் அதிகாரம் பற்றியவை. கலாசாரத்தை அடித்தளமாகக் கொண்ட திட்டம் என்று கூறும்போது பலரும் நினைப்பது ஆடலும் பாடலும் ஓவியமும்தான். தடுப்பு நிலையத்தின் சுவரில் பூர்வீக ஓவியம் வரைந்துவிட்டால் அது கலாசாரத் திட்டமாகிவிடாது. முடிவெடுப்பவர் யார், பணத்தைக் கையாள்பவர் யார், பிள்ளை தவறிழைத்தால் முதலில் அழைக்கப்படுபவர் யார் என்ற கேள்விகளுக்கான விடையிலேயே கலாசாரம் உயிர்வாழ்கின்றது. மூத்தோரின் அறிவை மாத்திரம் பெற்றுக்கொண்டு அதிகாரத்தைத் திணைக்களத்தின் கையில் வைத்திருப்பது, வயலை ஒருவரிடம் உழக் கொடுத்துவிட்டு வாய்க்காலை அடைத்து வைப்பதற்கு ஒப்பானது.

அதேவேளை, கலாசாரத்தைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவதும் தவறாகும். மேற்கு அவுஸ்திரேலியாவின் பாங்சியா ஹில் தடுப்பு நிலையத்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 99 இளையோரில் 36 சதவீதத்தினர் கருவிலிருக்கும்போதே மதுவினால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. அவர்களுக்கு மருத்துவமும் விசேட கல்வியும் அவசியம். நெருக்கடி மிகுந்த வீட்டில் உறங்க இடமின்றித் தெருவில் திரியும் பிள்ளைக்கு வீடு அவசியம். யுவெண்டுமுவிலேயே 2019 நவம்பரில் 19 வயது வல்பிரி இளைஞர் ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உத்தியோகத்தரை 2022 இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. எனினும், 2025 ஜூலையில் வெளியான மரண விசாரணை முடிவு அம்மரணம் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது என்றும், பொலிஸ் துறைக்குள் இனவாதம் நிலவியது என்றும் கூறியது. தனது பிள்ளைகளைத் தானே மீட்டெடுத்த ஊர் அது. ஊர் எவ்வளவுதான் முயன்றாலும், அரசின் கரம் மாறாவிட்டால் அந்த முயற்சி ஒரே இரவில் சிதைந்துபோகக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த உண்மைகள் அவுஸ்திரேலிய அரசுகளுக்குத் தெரியாதவை அல்ல. 2020 ஜூலையில் மத்திய, மாநில அரசுகள் அனைத்தும் பூர்வீகக் குடி அமைப்புகளுடன் தேசிய உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. தடுப்புக் காவலில் வைக்கப்படும் பூர்வீகக் குடி இளையோரின் வீதத்தை 2031 இற்குள் குறைந்தது 30 சதவீதத்தால் குறைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வதும், சமூகக் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களை வலுப்படுத்துவதும் அதில் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டவை. 2024 பெப்ரவரியில் உற்பத்தித்திறன் ஆணைக்குழு வெளியிட்ட மீளாய்வு, அரசுகள் அந்த வாக்குறுதியைப் பெரும்பாலும் நிறைவேற்றவில்லை என்று தெட்டத்தெளிவாகக் கூறியது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதிய சர்வசன வாக்கெடுப்பில், பூர்வீகக் குடியினருக்கான ஆலோசனைக் குரலை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனையை வாக்காளர்களில் சுமார் 60 சதவீதத்தினர் நிராகரித்தனர். அவுஸ்திரேலியாவில் குடியேறி வாக்குரிமை பெற்றுள்ள எமது தமிழ், முஸ்லிம் உறவுகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகின்றோம். மொழியும் மண்ணும் பறிபோவதன் வலி எத்தகையது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சமூகத் திட்டங்களுக்கு ஓராண்டு, ஈராண்டு என்று நிதி ஒதுக்கப்படுவதும், தேர்தல் வந்ததும் அது நிறுத்தப்படுவதும், ஊழியர்கள் கலைந்து செல்வதும், பின்னர் "திட்டம் தோல்வி" என்று அறிவிக்கப்படுவதும் அங்கு வழமையாகிவிட்ட ஒன்று. சிறைச்சாலை கட்டும்போது எவரும் ஈராண்டுக்கெனக் கட்டுவதில்லை. ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் செல்லுமாயின், அப்பிள்ளைக்கான திட்டமும் அத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கொள்கையை எந்த நாடு பின்பற்றினாலும் விளைவு ஒன்றுதான்.

இதை எழுதும்போது எமது முற்றத்தையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது. குற்றவியல் பொறுப்பு வயதை 2018 இல் 8 இலிருந்து 12 ஆக உயர்த்திய இலங்கை, அந்த ஒரு விடயத்திலேனும் அவுஸ்திரேலியாவின் பல மாநிலங்களைவிட முன்னே நிற்கின்றது. 2007 செப்டெம்பரில் பூர்வீகக் குடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்திற்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அவுஸ்திரேலியா எதிர்த்து வாக்களித்து, 2009 இல்தான் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும், 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் சமூகம் தனது வேட்டை நிலத்தை இழந்ததும், பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டதும் எமது நாட்டின் வரலாறேயாகும். வாகரையிலும் வெருகலிலும் மூதூரிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்கள், எமது அயலவர்களாக இருந்தும் எமது பேச்சிலும் எழுத்திலும் இடம்பெறுவது மிகக் குறைவு. யுத்தமும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களது பிள்ளைகளுக்கான திட்டமொன்று வகுக்கப்படும்போது அந்த மேசையில் அவர்களது மூத்தோருக்கு ஓர் ஆசனம் இருக்கின்றதா என்ற கேள்வியை, கொழும்பிடம் மாத்திரமன்றி எம்மிடமும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழிதவறும் நிலையிலுள்ள பிள்ளையைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்பதற்கு எந்த அரசினாலும் முடியும். "நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்பதற்கு அப்பிள்ளையின் சமூகத்தினால் மாத்திரமே முடியும். யுவெண்டுமுவின் மூதாட்டிகள் கேட்டது அந்த இரண்டாவது கேள்வியையே. அதைக் கேட்பதற்குரிய அதிகாரத்தையும் வளத்தையும் அவர்களிடமே கையளிப்பதுதான் அவுஸ்திரேலிய அரசுகளின் கடமை. அதனைத் தட்டிக்கழித்துவிட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சிறைக்கூடம் கட்டுவார்களாயின், 2008 ஆம் ஆண்டு கோரப்பட்ட மன்னிப்பை இன்னொரு பிரதமர் இன்னொரு தலைமுறையிடம் மீண்டும் கோர நேரிடும்.